வெங்காயப் பட்டறை கூப்பிட்ட நாள்

கையில் இருந்த போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

"ஐயா, வணக்கங்க. உங்க வெங்காயப் பட்டறை உள்ள புழுங்குதுங்க. கொஞ்சம் வந்து பிரிச்சுப் பாருங்க."

ஜெயந்தியின் குரல். ஆனால் ஜெயந்தி எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு, துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யாரு, நானா?" என்று கேட்டாள்.

"நீதான்," என்றேன்.

நாங்கள் நின்றது பல்கலைக்கழகத்தின் கலையரங்கத்தில், மேடைக்குப் பக்கவாட்டில் தொங்கிய கனமான நீலத் திரைக்குப் பின்னால். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கல்லூரிகளுக்காக நடந்த மாணவர் தொழில் யோசனைப் போட்டியின் இறுதிச் சுற்று அன்று. மேடையில் ஒரு குழு டிரோனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அடுத்து ஒரு குழு. அதற்கடுத்து நாங்கள்.

போனில் கூப்பிட்டது ஜெயந்தியின் குரலைப் பதிந்து வைத்திருந்த எங்கள் மெஷின். அது இருந்தது அங்கிருந்து பைக்கில் இருபது நிமிஷத் தொலைவில் எங்கள் ஊரில், என் அப்பாவின் வெங்காயப் பட்டறைக்குள். அடுத்த பட்டத்துக்கு நட வேண்டிய விதை வெங்காயம் முழுவதும் அந்தப் பட்டறையில்தான் கிடந்தது.

பட்டறையும் அதன் வாசனையும்

பெரம்பலூர் பக்கம் வராதவர்களுக்குப் பட்டறை என்றால் இரும்படிக்கும் இடம்தான் நினைவுக்கு வரும். எங்கள் ஊரில் பட்டறை என்றால் வெங்காயம்.

தரையில் கல் அடுக்கி, அதன்மேல் மூங்கில் பரப்பி, இரண்டு பக்கமும் தட்டி கட்டுவார்கள். நடுவில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி, மேலே கரும்புச் சோகையால், அதாவது காய்ந்த கரும்புத் தோகையால், மூடிவிடுவார்கள். சோகை எறையூர்ப் பக்கத்துக் கரும்பு வயல்களிலிருந்து வரும். காற்று ஓடினால் வெங்காயம் மாதக்கணக்கில் கிடக்கும். ஓடாவிட்டால் உள்ளே அவிய ஆரம்பிக்கும்.

அவிவது வெளியே தெரியாது. அதுதான் சிக்கல். மேலே கைவிட்டு எடுத்தால் வெங்காயம் சிவப்பாக, சலசலவென்று தோலோடு அழகாக இருக்கும். நடுவில் கூழாகியிருக்கும்.

நான் கல்லூரி சேர்ந்த அடுத்த வருஷம் எங்கள் வீட்டில் அப்படி ஒரு தடவை ஆயிற்று. லீவுக்குப் போன நான் தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. அம்மா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு கூடை கூடையாக அள்ளி எருக்குழியில் கொட்டிக்கொண்டிருந்தாள். அப்பா தட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார்.

ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்த பிறகும் அந்த நாற்றம் என் தலைமுடியில் இருப்பதுபோலவே இருந்தது. ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி போன வாரம் இந்தத் தொடரில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, அதில் வெங்காயமே கிடையாதே என்று ஒரு பழைய தோழி எழுதியிருக்கிறாள். உண்மைதான். அந்த ஒரு மாதம் அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்று பேர் கட்டாயம்

கல்லூரியில் தொழில்முனைவோர் மன்றத்தைப் பார்த்துக்கொண்டவர் கோமதி மேடம். எங்களுக்கு மின்னணுவியல் பாடம் எடுப்பவர். வேகமாக நடப்பார், அதைவிட வேகமாகப் பேசுவார்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் சாக்பீஸ் கையோடு, "தொழில்நுட்பத்த வெச்சு என்ன தொழில் பண்ணலாம்னு யோசனை இருக்கிறவங்க பேர் குடுங்க. யோசனை இல்லாதவங்களும் குடுங்க, யோசிச்சுக்கலாம். ஆனா மூணு பேர் சேந்துதான் வரணும்," என்றார்.

எனக்கு யோசனை இருந்தது. ஆள்தான் இல்லை.

ஜெயந்தி என் அறைத்தோழி. ஆண்டிமடம் பக்கம், முந்திரிக் காட்டுக்காரர் வீட்டுப் பெண். கம்ப்யூட்டர் படித்தாள். நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒரு வார்த்தை பேசுவாள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக நான் பல தடவை காத்திருந்திருக்கிறேன். "வரியா?" என்றேன். "பேசச் சொல்லாதே, வரேன்," என்றாள்.

சபீர் மெக்கானிக்கல் மாணவன். ஊர் லெப்பைக்குடிக்காடு. அவன் அத்தா வெளிநாட்டில் ஏசி மெக்கானிக். அவர் லீவில் வரும்போதெல்லாம் கூடவே உட்கார்ந்து எதையாவது கழற்றிக் கழற்றி சபீருக்குக் கை பழகியிருந்தது. ஹாஸ்டல் மின்விசிறி நின்றால் வார்டன் அவனைத்தான் கூப்பிடுவார். பட்டறை என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் எங்கள் ஊருக்கு வந்து, பட்டறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கரண்ட் இல்லாத ஏசிதானே இது," என்றான். அப்பாவுக்கு அவனை அன்றே பிடித்துப்போனது.

மற்ற குழுக்களுக்கெல்லாம் இங்கிலீஷில் பெயர். நாங்கள் 'பட்டறை' என்றே கொடுத்தோம்.

அப்பா வெட்டிய போன்

மெஷின் செய்தது பெரிய கதையில்லை. வெங்காயக் குவியலுக்குள் செருகிய கம்பிகள் சூட்டையும் ஈரத்தையும் பார்க்கும். அளவு மீறினால் பெட்டியில் இருக்கும் சிம் கார்டு பட்டறைக்காரருக்கும் எனக்கும் போன் போடும். சபீர் பெட்டியைச் செய்தான், நான் மின்சுற்றுகளை இணைத்தேன், ஜெயந்தி அதற்கு மூளை எழுதினாள்.

போனில் என்ன சொல்வது என்பதுதான் பெரிய கதை ஆனது.

முதலில் நான்தான் பேசிப் பதிந்தேன். "தங்கள் சேமிப்புக் கிடங்கில் வெப்பநிலை உயர்ந்துள்ளது. உடனடி நடவடிக்கை எடுக்கவும்." பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிப் பரிசெல்லாம் வாங்கியவள் நான். கணீரென்று பேசியிருந்தேன்.

ஊரில் பட்டறைக்குள் வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கிச் சோதித்தோம். அப்பாவுக்குப் போன் போனது. சாயங்காலம் அவரிடம், "போன் வந்துச்சாப்பா?" என்று கேட்டேன்.

"எந்தப் போனு? எவளோ கம்பெனிக்காரி லோன் வேணுமான்னு ஆரம்பிச்சா. வெட்டிட்டேன்," என்றார்.

சபீர் சிரித்துச் சிரித்து எங்கள் வீட்டுக் கட்டிலில் விழுந்தான். எனக்குத்தான் முகம் தொங்கிப்போய்விட்டது.

அப்போதுதான் ஜெயந்தி, "நான் பேசிப் பாக்கட்டா?" என்றாள். போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, அதற்குள் போனை வைத்துப் பேசினாள். பக்கத்து வீட்டுப் பெரியப்பாவிடம் மாடு அவிழ்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் இருந்தது. ஐயா, வணக்கங்க. உள்ள புழுங்குதுங்க. வந்து பிரிச்சுப் பாருங்க.

அடுத்த சோதனையில் அப்பா, "இந்தா வரேம்மா," என்று பதில் சொல்லிவிட்டுப் பட்டறைக்கு ஓடினார்.

போர்வைக்குள் அப்படிப் பேசிய ஜெயந்தியை முந்தைய சுற்றில் மேடையேற்றிப் பார்த்தோம். அது அரியலூரில் ஒரு கல்லூரியில் நடந்தது. மைக்கைப் பிடித்து "வணக்கம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "வணக்கம்" என்றாள். மூன்றாவது வணக்கத்துக்கு முன்னால் நான் மைக்கை வாங்கிக்கொண்டேன். அதிலிருந்து மேடைப் பேச்சு என் பொறுப்பு என்று ஆயிற்று. உள்ளுக்குள் எனக்கு அதில் பெருமை உண்டு.

போவதா, நிற்பதா

நீலத் திரைக்குப் பின்னால் அப்பாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அன்று செந்துறையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். எங்கள் தெருவே வேன் பிடித்துப் போயிருந்தது. நாயன சத்தத்தில் அப்பாவின் சட்டைப்பையில் கிடக்கும் பட்டன் போன் யாருக்குக் கேட்கும்? அம்மாவுக்கும் போட்டேன். அவள் போன் அணைந்திருந்தது.

போன் மறுபடி வந்தது. "ஐயா, வணக்கங்க."

எனக்கு எருக்குழியும் அம்மாவின் முந்தானையும்தான் கண்முன் வந்தன. கலையரங்கத்துக்குள் ஏசி குளிர் நடுக்கியது. ஆனாலும் எனக்கு வேர்த்தது.

"ஊருக்குப் போறேன்," என்றேன்.

"பைக் வெளியத்தான் நிக்குது," என்றான் சபீர்.

"யார் பேசறது?" என்று கேட்டாள் ஜெயந்தி. கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே பதில் தெரிந்துவிட்டது. சபீருக்கு வழி தெரியும், பட்டறையைப் பிரிக்க இரண்டு பேராவது வேண்டும், வீட்டுச் சாவி இருக்கும் இடம் எனக்குத்தான் தெரியும். மிச்சம் அவள்தான்.

"ஒண்ணும் பேச வேணாம்டி. மேடத்துக்கிட்ட சொல்லிப் பேரை எடுத்துடச் சொல்லு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றேன்.

அவள் கீழே எங்கள் மாதிரிப் பட்டறையைப் பார்த்தாள். அட்டையிலும் குச்சியிலும் சபீர் கட்டியது. உள்ளே நிஜ வெங்காயம் போட்டிருந்தோம். அதன் வாசனை முன்வரிசை வரைக்கும் போய், ஒரு நடுவர் ஏற்கெனவே கைக்குட்டையை எடுத்திருந்தார்.

"நீங்க போங்க," என்றாள் ஜெயந்தி. அது சரி என்பதா, போய்த் தொலையுங்கள் என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. ஓடினோம்.

சோகைக்குள் ஒருத்தி

சபீர் பைக்கை ஓட்டிய வேகத்தைப் பற்றி எழுதினால் அவன் உம்மா இப்போதும் திட்டுவார்கள். செட்டிகுளம் ரோட்டில் திரும்பும்போதே மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வழியெல்லாம் பருத்திக் காட்டிலிருந்து மண்வாசனை. எங்கேயோ மழை ஆரம்பித்துவிட்டது.

தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. பட்டறை வெளியே பார்க்க எப்போதும்போல் இருந்தது. மூக்கை வைத்துப் பார்த்தேன். நாற்றம் இல்லை. ஆரம்பத்தில் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

"மேல இருக்கிற கம்பிதான் கூப்புட்டுருக்கு. அங்கேருந்து பிரிப்போம்," என்றான் சபீர், பெட்டியைப் பார்த்துவிட்டு. போட்டிக்காக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு தட்டிமேல் ஏறினான். நான் கீழே நின்று அவன் தள்ளிய சோகையை இழுத்துப் போட்டேன். கழுத்திலும் முதுகிலும் தூசி விழுந்து அரித்தது.

திடீரென்று சபீர் "யா அல்லா" என்று கத்திக்கொண்டு கையை உதறினான்.

பாம்பு என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது.

"கொத்திடுச்சு," என்றான் அவன். "கோழி."

எங்கள் வீட்டுக் கறுப்புக் கோழி. ஒரு வாரமாகக் காணோம், நரி தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அம்மா புலம்பிக்கொண்டிருந்தாள். அது சோகையைக் கால்களால் விலக்கி, குழியை நாளுக்கு நாள் ஆழமாக்கி, அன்று சரியாக எங்கள் கம்பியின் தலைமேல் உட்கார்ந்து அடைகாத்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு எங்களைத் திட்டியது. அடியில் ஒரு குவியல் முட்டை.

நான் கையை வெங்காயத்துக்குள் முழங்கை வரை விட்டேன். குளிர்ந்து, காய்ந்து, சலசலவென்று இருந்தது. இன்னும் இரண்டு மூன்று இடத்தில் விட்டுப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. அப்படியே சோகைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. சபீர் கொத்துப்பட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு பேருமே சிரித்தோம்.

அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. மெஷின் அல்ல, நிஜ ஜெயந்தி.

"வாணி, நான் மேடையில இருக்கேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் எங்கன்னு நடுவருங்க கேட்டாங்க. நடந்ததைச் சொன்னேன். பட்டறை எப்படி இருக்குன்னு கேக்கறாங்க."

சபீர் எனக்குக் கையை ஆட்டினான். வாயசைத்து, "புழுங்குச்சு, காப்பாத்திட்டோம்னு சொல்லு," என்றான்.

எனக்கும் ஆசைதான். அப்படிச் சொன்னால் அந்த அரங்கமே எழுந்து கைதட்டும். முதல் பரிசு எங்கள் மடியில் வந்து விழும். ஆனால் கோழி நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது, அது போனில் கேட்டிருக்கும். அதோடு, முழங்கை வரை வெங்காயத் தோல் ஒட்டிய கையோடு எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"வெங்காயம் நல்லாருக்குங்க. ஒண்ணும் ஆகல. கோழி அடைகாக்குதுங்க," என்றேன்.

போனில் தகரக் கொட்டகையில் மழை கொட்டினாற்போல் சிரிப்பு. என் காது எரிந்தது. சபீர் தலையில் கைவைத்துக்கொண்டான்.

சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண்மணியின் குரல் கேட்டது. திருச்சியில் தொழிற்சாலை நடத்தும் ஒரு நடுவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"அப்போ உங்க மெஷின் தப்பாக் கூப்பிட்டுடுச்சுன்னு எழுதிக்கலாமா?"

ஜெயந்தி முந்திக்கொண்டு பேசினாள்.

"இல்லைங்க மேடம். அங்க சூடு இருந்துச்சு, அதைச் சொல்லுச்சு. உள்ள இருக்கிறது வெங்காயமா கோழியான்னு பாக்க அதுக்குக் கண்ணு கிடையாது. அது எங்களுக்கும் தெரியும். அதனாலதான் வெங்காயம் அழுகிப் போச்சுன்னு சொல்ல வைக்கல. வந்து பிரிச்சுப் பாருங்கன்னு சொல்ல வெச்சோம். அவங்க போய்ப் பிரிச்சுப் பாத்திருக்காங்க."

போன் நின்றது.

மேடையில் அதற்கு முன்னால் நடந்ததைக் கோமதி மேடம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஜெயந்தி மைக்கைப் பிடித்து "வணக்கம்" என்றாளாம். அப்புறம் வெகுநேரம் நின்றாளாம். எங்கள் ஸ்லைடுகளை ஓட்டவே இல்லை. மாதிரிப் பட்டறையைக் கொண்டுபோய் நடுவர்களின் மேசைமேலேயே வைத்து, "இதுக்குள்ள கை விட்டுப் பாருங்க," என்று ஆரம்பித்தாளாம். கைக்குட்டை வைத்திருந்தவர்தான் முதலில் கையை விட்டார் என்று மேடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மழைக்கு முன்னால்

கோழியைக் குழியோடு விட்டுவிட்டுக் கம்பியை மட்டும் தள்ளிச் செருகினோம். பிரித்த சோகையை எப்படித் திரும்பக் கட்டுவது என்பது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. வானம் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் சரிந்தது.

அப்போது டவுன் பஸ் வந்து நின்று, ஜெயந்தி இறங்கி ஓடிவந்தாள்.

"ரிசல்ட் என்ன?" என்றான் சபீர்.

"இன்னும் சொல்லல. அங்க உக்கார முடியல, வந்துட்டேன்," என்று துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு சோகையைத் தூக்கினாள்.

கல்யாண வேன் அவளுக்குப் பின்னாலேயே வந்தது. அப்பா சந்தனம் பூசிய கையோடு இறங்கி, பாதி திறந்து கிடந்த பட்டறையைப் பார்த்தார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேலே ஏறிக் கோழி பறித்த குழியைப் பார்த்தார். சோகை அந்த இடத்தில் ஒரு ஆளின் தலை நுழையும் அளவுக்கு விலகியிருந்தது.

"இதோட மழை பேஞ்சிருந்தா தண்ணி நேரா உள்ளதான் எறங்கியிருக்கும்," என்றார். கோழியையும் முட்டைகளையும் ஒரு கூடைக்கு மாற்றிக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார். "தம்பி, அந்தக் கயித்தப் பிடிங்க. பாப்பா, நீ இந்தப் பக்கம் வா."

எல்லார் கையும் சோகையிலும் கயிற்றிலும் இருக்கும்போது என் போன் அடித்தது. கோமதி மேடம். எடுக்கக் கை இல்லை.

"அடிக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம். கயித்த விட்டா சரிஞ்சிடும்," என்றார் அப்பா.

மறுபடி அடித்தது. கோழியைக் கண்ட சந்தோஷத்தில் இருந்த அம்மா வந்து, போனை எடுத்து என் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

முதல் பரிசு, செந்துறை பஸ் எங்கே வருகிறது என்று சொல்லும் ஆப் செய்த அரியலூர் மாணவர்களுக்குப் போயிருந்தது. அந்த பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்குப் பரிசுக் கோப்பை எதுவும் இல்லை. ஆனால் திருச்சி நடுவர் எழுந்து, இந்த மூன்று பேருக்கும் பல்கலைக்கழக அடைகாப்பு மையத்தில் ஒரு அறை கொடுங்கள், பெட்டியைத் திருத்திக்கொண்டு வரட்டும் என்று கேட்டிருக்கிறார். கொடுத்துவிட்டார்கள். இங்கிலீஷில் இன்குபேஷன் சென்டர் என்பார்கள், புதுத் தொழில் யோசனைகளை வளர்த்தெடுக்கும் இடம்.

"என்னாவாம்?" என்றார் அப்பா மேலிருந்து.

"அடைகாப்பு மையத்துல ரூம் குடுத்திருக்காங்கப்பா."

அப்பா கயிற்றை இறுக்கியபடியே கோழியைப் பார்த்தார். "அது இங்கியே நல்லாத்தான அடைகாக்குது. ரூமெல்லாம் எதுக்கு?"

ஜெயந்தி சிரித்த சிரிப்பில் அவள் பிடித்திருந்த பக்கம் சரிந்து, அதை மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. கடைசி முடிச்சைப் போடும்போது மழை பிடித்துக்கொண்டது.

அந்த அறையில் ஒரு ஜன்னல்தான் இருந்தது. அந்த அறையில் உட்கார்ந்துதான் கோழிக்கும் வெங்காயத்துக்கும் வித்தியாசம் தெரியும்படி பெட்டியைத் திருத்தினோம். இன்று எங்கள் பெட்டி பெரம்பலூர்ப் பட்டறைகளில் மட்டுமல்ல, ஆண்டிமடத்து முந்திரிக் கிடங்குகளிலும் இருக்கிறது. அந்தக் கதைகளுக்கு இங்கே இடம் போதாது.

அன்று மழை விடும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தோம். அம்மா கல்யாணத் தாம்பூலப் பையிலிருந்து லட்டை எடுத்துப் பிட்டு எல்லாருக்கும் கொடுத்தாள். சபீர் விரலில் மஞ்சள் பற்றோடு அப்பாவிடம் கயிறு முடியும் விதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். தலையைத் துவட்டிக்கொண்டிருந்த ஜெயந்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வாணி, அடுத்த மாசம் திருச்சியில ஒரு போட்டி இருக்குன்னு மேடம் சொன்னாங்க."

"ஆமா."

"அதுலயும் நானே பேசட்டுமா?"

எனக்கு நெஞ்சில் ஒரு சின்ன முள் குத்தியது. மேடை என்றால் நான் என்று அதுவரை இருந்தவள். அவள் முகத்தைப் பார்த்தேன். மழைநீர் வடிந்துகொண்டிருந்தது. நான் என்ன சொல்வேனோ என்று பயந்து, லட்டைக்கூடச் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"நீயே பேசு," என்றேன்.

அதற்கப்புறம் எந்த மேடையிலும் நான் மைக்கைத் தொட்டதில்லை. அவள் பேசுவாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டுவேன்.